உருளை பிடித்தவனை மறந்துவிட்டோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், விடுமுறையில் பிள்ளைகளோடு பார்க்கத்தக்க படங்களின் பட்டியலில் ‘தி கைட் ரன்னர்’ (2007) இடம்பெற்றிருந்தது. பணக்காரப் பையனும் ஏழைப் பையனும் பட்டம் விடும் நட்புக் கதை என்று அறிமுகம் சொல்கிறது. அந்த அறிமுகமும் சரியில்லை, பிள்ளைகளோடு பார்க்கலாம் என்ற பரிந்துரையும் சரியில்லை.

கதை நடப்பது ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூலில். பணக்காரப் பையன் அமீர் பஷ்தூன் இனம், சன்னி முஸ்லிம். அவன் வீட்டு வேலைக்காரரின் மகனாக வளரும் ஹசன் ஹசாரா இனம், ஷியா முஸ்லிம். ஹசனின் ஏழ்மை அந்தப் பிறப்பின் விளைவு. 1880 முதல் 1901 வரை ஆண்ட ஆப்கன் மன்னர் அப்துர் ரஹ்மான் கான், 1890களின் தொடக்கத்தில் ஹசாராக்களின் மலைநாட்டைப் படையெடுத்து அடக்கினார். நிலங்கள் பஷ்தூன்களுக்குப் போயின. பிடிபட்டவர்கள் காபூலில் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். தப்பியவர்கள் இன்றைய பாகிஸ்தானின் குவெட்டாவுக்கும் ஈரானின் மஷ்ஹதுக்கும் ஓடினார்கள். 1920களில் மன்னர் அமானுல்லா கான் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்த பிறகும், காபூலில் மூட்டை தூக்குவதும் வண்டி இழுப்பதும் வீட்டு வேலையும்தான் ஹசாராக்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தன. அமீர் பள்ளிக்குப் போக, ஹசன் எழுத்தறியாமல் இருப்பதற்கு இதுதான் பின்னணி. காலித் ஹுசைனியின் நாவல் (2003) இதை விரித்துச் சொல்கிறது. 128 நிமிடப் படத்தில் இது ஓரிரு வசவுகளாகச் சுருங்கிவிட்டது. உங்கள் கட்டுரையாளர் தவறவிட்டதற்குப் படமும் ஒரு காரணம்தான்.

ஆனால் பட்டப் போட்டிக் காட்சியில் எல்லாம் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தால். காபூலில் பட்டச் சண்டை இருவர் ஆட்டம். ஒருவர் நூலைக் கையாள்வார், மற்றவர் பின்னால் நின்று, நூல் சுற்றிய ‘சர்க்கா’ என்ற உருளையைப் பிடிப்பார். படத்தில் நூல் அமீர் கையில், உருளை ஹசன் கையில். நூல் நம் மாஞ்சா மாதிரிதான்: கண்ணாடியை மாவாக இடித்து, சோற்றுப் பசையில் குழைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூலில் பூசிக் காயவைப்பார்கள். பசை கெட்டியானால் நூலில் கட்டி கட்டியாக நிற்கும், ஓட்டம் தடைப்படும். கண்ணாடி கொரகொரப்பாக இருந்தால் எதிராளியின் நூலை அறுக்குமுன் சொந்த நூலையே அரித்துவிடும். ஈரம் போகுமுன் சுற்றினால் உருளையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு நூல்கள் பின்னிக்கொண்டதும், நின்ற நூல் தோற்கும். ஓடுகிற நூலில் உரசல் நீளம் முழுக்கப் பரவும். நின்ற நூலிலோ ஒரே புள்ளியில் விழுந்து அறுத்துவிடும். அதனால் நூலை விட வேண்டிய நொடியில் உருளை தங்குதடையின்றிச் சுழல வேண்டும், இழுக்கும்போது தொய்வைச் சிக்கில்லாமல் சுற்றிக்கொள்ள வேண்டும். உருளைக்காரன் அரை நொடி தாமதித்தால் பட்டம் போச்சு. ஆனாலும் ஜெயித்த பேர் நூல் பிடித்தவனுக்குத்தான். அறுபட்டு விழும் பட்டத்தை எடுத்தவருக்கே அது சொந்தம் என்பது தெரு வழக்கம்; ஹசனோ ஓடிப் பிடித்ததை அமீருக்கென்று வைத்திருக்கிறான், அதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது. அந்த இரு சிறுவர்களும் நிற்கும் நிலையை இதைவிடத் துல்லியமாக எந்த வசனமும் சொல்லிவிடாது. (வானத்துச் சண்டையில் கணிப்பொறி வரைகலை கொஞ்சம் அதிகம் என்பது என் குறை. நிஜக் காபூலில் பையன்கள் அண்ணாந்து பார்த்தபடியே மொட்டை மாடியிலிருந்து விழுந்ததுண்டு.)

படம் காபூலில் எடுக்கப்படவில்லை. பாதுகாப்புக் காரணத்தால் இயக்குநர் மார்க் ஃபார்ஸ்டர் சீனாவின் காஷ்கர் நகரைக் காபூலாக்கினார். 2009 முதல் அந்தப் பழைய நகரின் பெரும்பகுதி இடிக்கப்பட்டதால், படத்தில் வரும் சந்துகள் பல இன்று இல்லை. வசனம் பெரும்பாலும் தாரி, அதாவது ஆப்கானிஸ்தானில் பேசப்படும் பாரசீகம். பஷ்தூன் வீட்டில் பஷ்தோ இல்லாமல் ஏன் தாரி என்று கேட்பவர்கள் உண்டு. காபூல் மேல்தட்டுப் பஷ்தூன்களுக்கு அதுதான் புழங்குமொழி. வளர்ந்த அமீராக நடித்த காலித் அப்தல்லா எகிப்திய வம்சாவளிப் பிரித்தானியர். காபூலுக்கே போய் தாரி கற்றுக்கொண்டு வந்தவர்.

இப்போது பரிந்துரைக்கு வருகிறேன். சிறுவன் ஒருவன் மீது நடக்கும் பாலியல் வன்முறைதான் இந்தக் கதையின் அச்சு. அக்காட்சி சுருக்கமாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் நடித்த ஆப்கன் சிறுவர்களுக்கு ஊரில் ஆபத்து வரும் என்று அஞ்சி, அவர்கள் நாட்டை விட்டு வெளியேறும்வரை அமெரிக்க வெளியீட்டையே ஆறு வாரம் தள்ளிப்போட்டார்கள். சிறுவர்கள் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 2008 ஜனவரியில் ஆப்கன் அரசு, இனப் பகையைக் கிளறும் என்று சொல்லிப் படத்தைத் தடை செய்தது. அமெரிக்கத் தணிக்கை, 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொருந்தாத பகுதிகள் இருக்கலாம் என்று பெற்றோரை எச்சரித்தே சான்று தந்தது. கல்லெறிந்து கொல்லும் காட்சியும் உண்டு.

எனவே அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். படத்தைக் குழந்தைகள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, ‘பெற்றோர் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யவும்’ என்று குறிப்பிடுங்கள். அறிமுகத்தில் ‘ஏழைப் பையன்’ என்ற இடத்தில் ‘ஹசாரா பையன்’ என்று போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை