பழைய தேவாலயத்தை இடிக்க வேண்டாம், திறந்து விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துருக்கியில் தியார்பக்கிர் நகரத்தில் சுர்ப் கிராகோஸ் என்ற ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. 1915-ல் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலைக்குப் பிறகு ஊரில் ஆர்மீனியர்களே அநேகமாக இல்லாமல் போனதால் அது துணிக் கிடங்காகி, பிறகு கவனிக்க ஆளில்லாமல் கூரையும் விழுந்துவிட்டது. வெளியூர்களில் இருந்த ஆர்மீனியர்கள் பணம் திரட்ட, அந்த நகராட்சியும் கைகொடுக்க, 2011-ல் அதைத் திரும்பவும் திறந்தார்கள். வழிபாடு மட்டுமில்லை, இசை நிகழ்ச்சிகளும் நடந்தன, முஸ்லிம்களாக வளர்ந்த ஆர்மீனிய வம்சத்தினர்கூட தங்கள் வேரைத் தேடி அங்கே வந்தார்கள். அப்புறம் நடந்த சண்டையில் மறுபடியும் சேதமாகி, 2022-ல் இன்னொரு முறை சரிசெய்து திறந்திருக்கிறார்கள். அதே நாட்டில் வான் என்ற ஏரியின் தீவிலுள்ள அக்தமார் தேவாலயத்தையும் அழகாகப் புதுப்பித்தார்கள், ஆனால் அது அருங்காட்சியகம், ஆண்டுக்கு ஒருமுறைதான் திருப்பலி. எனக்கு முதல் வழிதான் சரியாகப் படுகிறது.

நம் குமரி மாவட்டத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். புதுக் கோயில் (தேவாலயம்) எழும்பியதும் பழையதைப் பூட்டிவிடுகிறோம், இல்லையென்றால் இடித்துவிடுகிறோம். எங்கள் பகுதியில் அப்படிப் பூட்டிய ஒரு கோயிலுக்குள் உடைந்த பெஞ்சும் பந்தல் கம்பும்தான் கிடக்கின்றன, ஓடு சரிந்த இடத்தில் மழைத்தண்ணீர் நேராக உத்திரத்தில் இறங்குகிறது, இப்போது இடித்துவிட்டு மண்டபம் கட்டலாம் என்று பேச்சு. சுவர் இன்னும் உறுதியாகத்தான் நிற்கிறது! இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் கூரை போனால்தான் சுவரும் போகும். இன்னொன்று, சுண்ணாம்புக் காரைச் சுவர்மேல் சிமென்ட் பூசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரே உதிர்ந்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேட மாட்டோம் என்றால் எப்படி?

திறந்துவிட்டால் பயன்படுத்த ஆளா இல்லை? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அமைதியான இடம் வேண்டும், பிள்ளைகளெல்லாம் வளைகுடாவில் இருக்க வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பகலில் நாலு பேரோடு பேசி உட்கார ஓரிடம் வேண்டும், எந்த மதத்தாராக இருந்தாலும் வரட்டும்.

தேவாலயங்களைச் சீரமைக்கத் தமிழக அரசின் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. பங்குப்பேரவைகளும் சபைக் கமிட்டிகளும் இடிப்பதற்குத் தீர்மானம் போடும் முன் அதற்கு விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும், பழைய கட்டட வேலை தெரிந்த பொறியாளர் ஒருவரை வைத்துச் சுவரைச் சோதிக்க வேண்டும். அதற்கெல்லாம் நாளாகும் என்றால், இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் கூரை ஓடுகளையாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்.