வனேடியம் ஈரொட்சைட்டு மென்படலம் தரச்சான்றுக்கு மாறாக இருப்பது பற்றிய புகார்

கிளிநொச்சி

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மணி,

எமது பாடசாலையின் உயர்தரப் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்காக, பழைய மாணவர்கள் சேர்த்து அனுப்பிய பணத்தில், நீலக்கல் தட்டின்மீது படிவிக்கப்பட்ட வனேடியம் ஈரொட்சைட்டு மென்படலம் ஒன்றை உங்களிடம் வாங்கினோம். 68 பாகை செல்சியசை அண்மித்ததும் அது குறைகடத்தி நிலையிலிருந்து உலோக நிலைக்கு மாறி, அதன் மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் வீழும் என்று தரச்சான்றில் எழுதியிருக்கிறீர்கள். எமக்கு வந்த படலத்தில் அது நடக்கவில்லை.

படலத்தை வெப்பத்தட்டில் வைத்து, வெப்பநிலையை அளக்கும் வெப்பவிணையை அதனோடு ஒட்டி, தொடுகைகளின் தடை கலக்காத நான்கு முனை முறையில் அளந்தோம். 30 பாகையில் 410 கிலோஓமாக இருந்த தடை, 90 பாகையில் 120 கிலோஓம் வரை சீராகக் குறைந்ததே தவிர, இடையில் எங்கும் திடீரென வீழவில்லை. ஆறவிட்டபோதும் வாசிப்புகள் அதே கோட்டிலேயே திரும்பின. உண்மையான படலத்தில் சூடாகும்போது மாறும் வெப்பநிலையும் ஆறும்போது மீளும் வெப்பநிலையும் சில பாகைகளாவது விலகி நிற்கும். உங்கள் தரச்சான்றின் வரைபில் ஆறும் கோடு தரப்படவே இல்லை.

கண்ணாடியிழை இணைய இணைப்பு வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர், தமது 1550 நானோமீற்றர் செந்நிறக்கீழ் லேசரையும் ஒளிவலு மானியையும் தந்து உதவினார். உலோக நிலைக்கு மாறிய படலத்தில் கட்டற்று நகரும் இலத்திரன்கள் செந்நிறக்கீழ் ஒளியைத் தெறிக்கவும் உறிஞ்சவும் செய்வதால், ஊடுருவும் ஒளி நன்றாகக் குறைய வேண்டும். மானியின் வாசிப்போ 90 பாகை வரை அசையவில்லை. இரு வேறு கருவிகளும் ஒன்றையே சொல்லும்போது, அளவீட்டுப் பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

வன்னி வெப்பத்தில் பழுதாகியிருக்கலாம் என்ற உங்கள் பதிலை ஏற்கமாட்டேன். எமது கோடை 68 பாகையை எட்டுவதில்லை. எட்டினாலும் அந்த மாற்றத்தைத் திரும்பத் திரும்பத் தாங்கக்கூடியவை மென்படலங்கள், வெடிப்பவை பெரிய படிகங்களே. படலத்தின் மஞ்சள் நிறத்தைப் பார்த்தால், தயாரிப்பில் ஒட்சிசன் மிகையாகி வனேடியம் ஐந்தொட்சைட்டு என்ற வேறு சேர்வை உருவாகிவிட்டது என்றே கருதுகிறேன்.

சூடேறினால் உலோகத்தின் தடை கூடும், குறைகடத்தியின் தடை குறையும் என்று படிப்பிக்கிறோம். 1959இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மோரின் அறிவித்த இந்த மாற்றத்திலோ, ஒரே துண்டு ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. அதற்குக் காரணம் இலத்திரன்கள் ஒன்றையொன்று விலக்குவதா, அணுக்கள் இணையிணையாக நெருங்குவதா என்ற விவாதம் நெடுங்காலமாகத் தொடர்கிறது. உலோக நிலையிலும் அது செம்பைப் போன்றதல்ல: அதன் இலத்திரன்கள் மின்னைக் கடத்தும் அளவுக்கு வெப்பத்தைக் கடத்துவதில்லை என்று 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கடுங்குளிரூட்டும் திரவ ஈலியமோ பெரிய கருவிகளோ இல்லாமல், ஒரு வெப்பத்தட்டோடு எங்கள் பிள்ளைகள் நேரில் காணக்கூடிய அரிய பௌதிகவியல் இது. அதற்காகவே இவ்வளவு பணம் செலவிட்டோம்.

ஆகவே, சூடாகும் கோடும் ஆறும் கோடும் கொண்ட வரைபுடனும் படலம் எந்தச் சேர்வை என்பதைக் காட்டும், அதே தொகுதிக்குரிய எக்ஸ்-கதிர்ப் பரிசோதனை முடிவுடனும் வேறொரு படலத்தை அனுப்புங்கள். இயலாவிட்டால் அனுப்புசெலவு உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இத்தொகுதியில் எஞ்சியவற்றைப் பரிசோதிக்காமல் வேறு பாடசாலைகளுக்கு விற்க வேண்டாம். எமது அளவீட்டு அட்டவணையையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பௌதிகவியல் ஆசிரியர்