டயாலிசிஸ் வார்டு சிஸ்டருக்கு

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். மடை திருப்பியே அறுபது வயதைக் கடந்தவரிடம், குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் குடிக்கணும் என்றார்கள். மார்கழியில் அவருக்குத் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. "நாளைக்கு நான் வரலை, விடுங்கடா" என்றார். பிடிவாதம் என்று நாங்கள் திட்டினோம்.

நீங்கள்தான் சிஸ்டர், ஊசி ஏற்றி முடித்த பிறகும் நகராமல் நின்றீர்கள். "ஐயா, குறுவைக்கு என்ன ரகம் போட்டீங்க?" "ஆடுதுறை 43" என்றார். பத்து நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை! அப்புறம் ஜூன் 12, மேட்டூர் அணை திறப்பு, வராத தண்ணீர் என்று ஒரே புலம்பல். அத்தனையும் கேட்டீர்கள். நாவறட்சிக்கு ஐஸ் துண்டு சப்பச் சொன்னீர்கள், அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் என்று சிரித்துக்கொண்டே.

வெளியே என்னிடம், "இது பிடிவாதம் இல்லைங்க, மனச்சோர்வு. டயாலிசிஸ்ல இருக்கிற நிறையப் பேருக்கு வரும்" என்றீர்கள். டாக்டரிடம் நீங்களே பேசி மனநல மருத்துவரைப் பார்க்க வைத்தீர்கள். கிட்னிக்கு ஏற்ற மாத்திரையை அவர்தான் எழுதணும், கடையில் கேட்டு வாங்காதீங்க என்றும் சொன்னீர்கள். (வாங்குவதாகத்தான் இருந்தேன்.)

இப்போது அப்பா ஒரு நாள்கூடத் தவறவிடுவதில்லை. நீங்கள் வேறு ஊருக்கு மாறிப் போனதாகச் சொன்னார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான். உங்களுக்கென்று ஒரு மரக்கால் புது அரிசி எடுத்து வைத்திருக்கிறார்.