பார்க்க ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஜப்பான் பயணக் கட்டுரை, இசே பெருங்கோயிலை “2013-இல் கட்டிய மரக் கட்டடம், பார்க்க ஒன்றுமில்லை” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. ஆண்டு சரிதான். அந்த முடிவைத்தான், அங்கே போய்வந்தவன் என்ற முறையில், என்னால் ஏற்க முடியவில்லை.

இசேயில் உள்கோயில், வெளிக்கோயில் என முதன்மையானவை இரண்டு. சூரிய தேவியான அமதெரசு உறையும் உள்கோயிலை 690-இல், ஜிதோ பேரரசி காலத்தில், முதன்முறையாகப் புதிதாக எடுத்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து பக்கத்து மனையில் அதே அளவில் புதுக்கோயில் எழுப்புவதும், தெய்வத்தை இரவில் அங்கே எழுந்தருளச் செய்வதும், பழையதைப் பிரிப்பதும் வழக்கம். இப்போது இருபது ஆண்டுக்கொரு முறை நடக்கிறது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைபட்டும் அறுந்துபோகவில்லை. 2013-இல் நடந்தது 62-ஆவது.

தூண்களுக்கு அடியில் கல் கிடையாது. வண்ணம் பூசாத ஹினோகி மரத்தை நேரே மண்ணில் நட்டு, மேலே புல் வேய்கிறார்கள். அது உளுத்துத்தானே போகும்? போகட்டும் என்றுதான் கட்டுகிறார்கள். இளவயதில் எடுபிடியாக நின்ற தச்சர் அடுத்த முறை பொறுப்பேற்று இன்னொரு தலைமுறைக்குக் கைப்பழக்கத்தைக் கொடுக்க, இருபது ஆண்டு வசதியான இடைவெளி. கோயில் மட்டுமல்ல; வாள், பட்டு, கண்ணாடி என 714 வகையில் 1,576 திருப்பொருள்களையும் புதிதாகச் செய்கிறார்கள். கருங்கல்லில் பழமையைத் தேடும் நம் கண்ணுக்கு இது பிடிபடாததில் வியப்பில்லை.

நான்கு வேலிகளுக்குப் பின்னால் இருக்கும் கருவறையைப் பொதுமக்கள் பார்க்க முடியாது என்பது உண்மை. வாயிலில் தொங்கும் வெண்திரை காற்றில் விலகினால் கூரை கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். படம் எடுக்கவும் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும்.

ஆனால் கட்டுரையாளர், உள்கோயிலுக்குப் போகும் உஜி பாலத்தின் தோரீ வாயிலைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தவை என்று யாரையாவது கேட்டிருக்கலாம். பாலத்தின் ஊர்ப்பக்கத் தூண்கள், பிரிக்கப்பட்ட வெளிக்கோயிலின் முகட்டைத் தாங்கியவை. மறுபக்கத்துத் தூண்கள் உள்கோயிலினுடையவை. அங்கே இருபது ஆண்டு நின்றபின் செகி, குவானா ஊர்களின் பழைய நெடுஞ்சாலை முகப்புகளுக்குப் போய் மறுபடி வாயிலாகின்றன. மற்ற மரங்களும் பல ஊர்க் கோயில்களுக்குப் பிரித்துத் தரப்படுகின்றன. பார்க்க இதுவே போதாதா?

அடுத்தது 2033-இல். அதற்கான சடங்குகள் 2025-லேயே தொடங்கிவிட்டன. போக நினைக்கும் வாசகர்களுக்காக ஒரு திருத்தம்: வெளிக்கோயிலை வணங்கிய பிறகே உள்கோயிலுக்குப் போவது அங்குள்ள முறை. கட்டுரையில் வரிசை மாறியிருக்கிறது.

இப்படிக்கு,
தஞ்சாவூர் வாசகர்