பால் எடுக்கிற அண்ணைக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆஸ்பத்திரியில் இருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நடந்ததெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், விழித்திருந்தவர்கள் நீங்கள்தானே. அதனால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. கை இன்னும் நடுங்குகிறது. ஆனாலும் இந்த மடலைத் தள்ளிப்போட மனமில்லை.

இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற பழைய மாணவர்கள், இரவோடிரவாக வான் பிடித்துத் தந்த அயலவர்கள், தலைமாட்டில் மாறி மாறி இருந்த சக ஆசிரியைகள், வைத்தியர்கள், தாதியர், கனடாவிலும் லண்டனிலும் இருந்து காசு அனுப்பியவர்கள், முறிகண்டிப் பிள்ளையாருக்கு எனக்காகத் தேங்காய் உடைத்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து சொல்லுவேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே கொஞ்சம் கூட எழுத வேண்டும். நான் ஓட்டம் பழக்கும் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விடியற்காலையில் ஓடும் வாய்க்கால் பாலத்தடியில், மோட்டார் சைக்கிளில் பால் கான்களோடு நிற்பாரே, அந்த அண்ணை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இத்தனை காலமும் எனக்கும் அவருக்கும் ஒரு தலையாட்டலுக்கு மேல் பேச்சே இருந்ததில்லை.

நான் வாட்டில் கிடந்தபோது மினிபஸ் நடத்துனர் தம்பி மடித்த தாள்கள் சிலவற்றைக் கொண்டுவந்து தந்தார். பால் கணக்குக் கொப்பியில் கிழித்த தாள்கள். மேலே திகதி, கீழே என் பிள்ளைகளின் பெயர்கள், லீற்றர் எழுதும் இடத்தில் 1, 2, 3 என்று அவர்கள் பாலத்தைக் கடந்த ஒழுங்கு. ரீச்சர் இல்லாமலும் பிள்ளைகள் ஓட வருவதைக் கண்டு, தானாகவே பெயர் கேட்டு எழுதியிருக்கிறார்.

நேரம் ஒன்றும் குறிக்கவில்லை. ஆனால் வயலிலும் காட்டிலும் ஓடும் நகர்வல ஓட்டத்துக்கு (குறொஸ் கன்ட்றி) நேரமல்ல, வந்த ஒழுங்குதான் தேவை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? வயலும் மேடும் சேறும் இடத்துக்கு இடம் வேறு, அதனால் அங்கே நேரத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. உலகப் போட்டியிலும் ஒரு நாட்டின் முதல் நான்கு பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை குறைந்த அணிக்கே வெற்றி. நான் கட்டிலில் கிடந்தபடி கூட்டிப் பார்த்தேன். எப்போதும் கடைசியில் வரும் பிள்ளை ஒவ்வொரு இடமாக முன்னுக்கு வந்துகொண்டிருந்தாள்.

சில பெயர்களுக்குப் பக்கத்தில் குறிப்பும் இருந்தது. "இவள் இண்டைக்கு நொண்டினவள், ரீச்சர் பாருங்கோ." உடனே தாய்க்குப் போன் எடுத்து ஓட்டத்தை நிறுத்தச் சொன்னேன். முன்னங்கால் எலும்பில் நோவோடு தொடர்ந்து ஓடினால் அது எலும்பு வெடிப்பில் போய் முடியலாம். அந்தப் பிள்ளையின் கால் தப்பியதற்குக் காரணம் அண்ணையின் அந்த ஒரு வரி.

வவுனியாவில் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் வயல் வரம்புகளில் ஓடித்தான் இந்த ஓட்டத்தில் ஆசை பிடித்தது. 2009இல் போர் முடிந்த பிறகு ஊர் திரும்பியபோது தெருவை விட்டு இறங்க முடியாது, இரு பக்கமும் மிதிவெடிப் பலகைகள். காட்டிலும் வயலிலும் ஓட வேண்டிய ஓட்டத்தை நடுத்தெருவில் பழக்கினேன். வெடி அகற்றி முடித்த காணிக்குள் பிள்ளைகள் முதன்முதலாக இறங்கி ஓடிய காலையில் நான் அழுதுவிட்டேன். வாட்டில் அந்தத் தாள்களைப் பார்த்தபோதும் அப்படித்தான் அழுதேன். நான் இல்லாமலும் ஓட்டம் நிற்கவில்லை.

எங்கள் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல், 72 வயதில், பிலிப்பைன்சுக்குப் போய் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்று வந்தவர். அந்த வயதுக்கு எனக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கிறது. இப்போதைக்கு நடக்க மட்டும்தான் வைத்தியர் விட்டிருக்கிறார். சரி, நடக்கிறேன். ஆனால் ஓடாமல் விடமாட்டேன்.

அண்ணை, அடுத்த கிழமை பாலத்தடிக்கு வருவேன். உங்கள் கணக்குக் கொப்பியில் பாதியை எங்கள் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள், புதுசு இரண்டு வாங்கி வருகிறேன். ஒன்று பாலுக்கு, மற்றது எங்களுக்கு. நான் வந்துவிட்டேன் என்பதற்காக எழுதுவதை நிறுத்திவிடாதேங்கோ.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்