ஒரு அறைக்கு மூண்டு நாளோ?

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மம்மா பாக்கிற சீரியல்ல மாமியார் கையை ஓங்கினது திங்கக்கிழமை, அடி விழுந்தது புதன்கிழமை. நடுவில வீட்டில நிக்கிற எல்லாற்ற முகத்தையும் மூண்டு மூண்டு தரம் காட்டி, இடிச்சத்தம் வேற. எழுதுறவரை மட்டும் பேசிப் பிரயோசனம் இல்லை, அரை மணித்தியாலத்தில விளம்பரம் போக இருபத்திச் சொச்சம் நிமிஷம்தான் மிச்சம், அதுக்குள்ளயும் ஒவ்வொரு பிரேக்குக்கு முன்னால ஒரு பதட்டம் வைக்கவேணும், கிழமைக்கு அஞ்சாறு நாள் இழுக்கவேணும், பிறகு கதை எங்க நகரும்?

எங்கட படங்களையும் இடைவேளையை மனசில வச்சுத்தான் எழுதுறாங்கள். இங்க தியேட்டர்ல இங்கிலீஷ் படம் பாக்கப் போனன், அதுக்கு இடைவேளையே இல்லை, எண்டாலும் ஒருத்தன் கதைச்சுக்கொண்டு நிக்கேக்க டக்கெண்டு கட் பண்ணி லைட்டைப் போட்டாங்கள், நாங்கள் ரோல்ஸ் வாங்கப் போனம்.

நீளத்தைக் குறைச்சா படம் கெட்டுப்போகும் எண்டும் இல்லை. இரண்டாம் உலகப் போர் நேரம் பிலிம் தட்டுப்பாட்டால இந்தியாவில படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது எண்டு சட்டம் போட்டவங்கள், அது ரெண்டு மணித்தியாலம் சொச்சம் ஓடும். பாட்டுக்கு மேல பாட்டா வச்ச ஆக்களே அடக்கி எடுத்தவை.

இப்ப ஓடிடியில நேரக் கட்டுப்பாடே இல்லை, ஆனா ஒரு படத்துக்குக் காணுற கதையை எட்டு எபிசோட்டா இழுக்கிறாங்கள். அம்மம்மாட்ட இதைச் சொன்னன். "பேசாம இரு, நாளைக்குத்தான் அவள் திருப்பி அடிப்பாள்" எண்டா.

வாசகி,
வெள்ளவத்தை