பேட்டரியிலிருந்து ஒன்றரை அடி

நாமக்கல்,
கார்த்திகை முதல் வாரம்.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு நீயும் அம்மிணியும் பாப்பாவும் நலமா என்று எழுது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக நீ அழைக்கவில்லை. வேலை மிகுதியாக இருந்திருக்கும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்தேன். மூன்றாவது ஞாயிறு அழைப்புக்குப் பதிலாக ஒரு புகைப்படமும், வண்டியின் சவுண்டு சிஸ்டத்தை நானே மாற்றுகிறேன் என்று ஒரு வரியும் வந்தன. கைபேசியில் நீளமாக எழுத எனக்கு வராது. ஆகவே தாளில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பெரிய ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டுவிட்டாயா? ஆம்ப்ளிஃபயரின் உடம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று இருந்துவிடாதே. அது அந்தப் பெட்டிக்கு உரியது. நான் கேட்பது ஒயருக்கு உரியது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒன்றரை அடிக்குள், அதாவது 18 அங்குலத்துக்குள், அது இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள துண்டுக்குக் காவல் கிடையாது என்பதால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரத்தில் ஒயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் புஷ் போடு. தகர விளிம்பு கத்தி போன்றது. வண்டி ஓடும் அதிர்வில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

உன்னுடைய வண்டி 2012-ஆம் ஆண்டு சில்வராடோ பிக்கப் என்பது எனக்கு நினைவிருக்கிறது. வாங்கியபோது நீ அனுப்பிய படத்தைக் கடைத்தெருவில் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன் என்று உன் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வைத்து, அந்த வண்டியின் ரேடியோவைக் கழற்றுபவர்கள் எடுத்த வீடியோக்களை நான்கு இரவுகள் பார்த்தேன். நம் லாரிகளைப் போல அது எளிய சங்கதியாக இல்லை. சாவியைத் திருப்பினால் உயிர் வரும் சிவப்பு ஒயரை அந்த ரேடியோவின் பின்னால் தேடினால் கிடைக்காதாம். வண்டியின் கம்ப்யூட்டர்தான் தகவல் ஒயர் வழியாக ரேடியோவை எழுப்புகிறதாம். அதனால் அந்தத் தகவலைப் புரிந்து சொல்லும் ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டியை நடுவில் வைத்தே புதிய டெக்கை, அதாவது புதிய ரேடியோவை, மாட்ட வேண்டும். இன்னொன்றும் பார்த்தேன். சாவியை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தால் அடிக்கும் மணியும், பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணியும் அந்தப் பழைய ரேடியோ வழியாகத்தான் வருகின்றன. பெட்டி இல்லாமல் மாட்டினால் பாட்டு வரும், எச்சரிக்கை மட்டும் வராமல் போய்விடும். செலவைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெட்டியை விட்டுவிடாதே. கம்பெனி பிளக்கை வெட்டி ஒயரோடு ஒயர் முறுக்குகிற வேலையும் வேண்டாம். கம்பெனி பிளக்கில் அப்படியே பொருந்தும் ஒயர்க் கட்டான அடாப்டர் ஹார்னஸ் வாங்கி அதில் சாலிடர் வைத்துக்கொள்.

புதிய டெக்கின் ஒயர் நிறங்கள் உனக்குத் தெரியும் என்றாலும் சொல்கிறேன். மஞ்சள் எப்போதும் உயிருள்ளது, சிவப்பு சாவிக்கு உரியது, கறுப்பு எர்த்து, வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்ப்ளிஃபயரை எழுப்புவது. ஸ்பீக்கர்களில் வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். கறுப்புக் கோடு ஓடினால் அது நெகட்டிவ். எதைத் தொடுவதற்கு முன்பும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் காத்திரு. டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட பிளக் எதையாவது கண்டால் அது ஏர்பேக்குக்கு உரியது. அதன்மேல் மீட்டரையும் வைக்காதே, டெஸ்ட் லேம்பையும் வைக்காதே.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஒயரிலும் வெள்ளை ஒட்டுத்தாளைச் சுற்றிப் பேனாவால் எண் எழுதியிருக்கிறாய். கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டிருக்கிறாய். முட்டை அட்டையைப் பார்த்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பழக்கம் நம் பட்டறையிலிருந்து போனது. ஒயர் முறுக்குகிற பிழைப்பு எனக்கு வேண்டாம் என்று பன்னிரண்டாம் வகுப்பில் சொன்ன நீ, கல்லூரி விடுமுறையில்கூடப் பட்டறைத் திண்ணையில் காலை வைக்காத நீ, உலகத்தின் அந்த ஓரத்தில் போய் முட்டை அட்டையில் திருகாணி போட்டு வைத்திருக்கிறாய். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்யப்போகிறவன் தொடங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாற்பத்தொரு வருடம் லாரி ஒயரிங் பார்த்தவன் வீட்டில் இருக்கிறேன்; முன்பின் தெரியாதவர்களின் வீடியோவைப் பார்த்து நீ கற்றுக்கொள்கிறாய், நானும் அவர்களையே பார்த்து உனக்குச் சொல்லித் தருகிறேன்.

டெக்கின் மேல் ஐம்பது வாட் நான்கு என்று அச்சிட்டிருப்பதை நம்பாதே. தொடர்ந்து கொடுக்கக்கூடியது ஏறத்தாழ இருபது வாட்தான். அதற்குமேல் வேண்டுமென்றால்தான் ஆம்ப்ளிஃபயர். அதற்குப் போகும் ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை அதே தடிமனில் பாதி விலைக்குத் தருவார்கள். அது அதே அளவு கரண்டைத் தாங்காது, சூடாகும். ஃபியூஸின் அளவையும் ஒயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எர்த்தைக் கிடைத்த திருகாணியில் எல்லாம் மாட்டாதே. உங்கள் மிச்சிகனில் குளிர்காலச் சாலைகளில் உப்புக் கொட்டுகிறார்கள் என்றும், வண்டிகளின் அடித்தகரம் தின்னப்பட்டுவிடுகிறது என்றும் நீயே சொல்லியிருக்கிறாய். பெயின்டைச் சுரண்டி, வெள்ளைத் தகரம் தெரிந்த பிறகு மாட்டி, மேலே கிரீஸ் தடவு. பவர் ஒயர் ஒரு பக்கமாகவும், பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. ஒயர் மறுபக்கமாகவும் ஓடட்டும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கொசு பாடுவது போன்ற சத்தம் ஏறினால் முதலில் எர்த்தைப் பார். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

ஸ்பீக்கரின் பாசிட்டிவ் எது என்று சந்தேகம் வந்தால் ஒன்றரை வோல்ட் டார்ச் செல் போதும். தொட்டவுடன் காகிதக் கூம்பு வெளியே தள்ளினால் செல்லின் பாசிட்டிவ் இருக்கும் முனைதான் பாசிட்டிவ். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போகும்படி மாட்டிவிட்டால் இரண்டும் பாடும், கனமான ஓசை மட்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒன்பது வயதில் மர ஸ்டூலின் மேல் நின்று, கூம்பு துள்ளுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாய். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ.

கதவுப் பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கிழித்துப் போட்டுவிடாதே. கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீரை அதுதான் கதவுக்குள்ளேயே வைத்துக் கீழ் ஓட்டை வழியாக வெளியேற்றுகிறது. குளிரில் பிளாஸ்டிக் கிளிப்புகள் இலகுவாக உடையும். வெதுவெதுப்பான இடத்தில் வைத்துத்தான் கழற்ற வேண்டும். இதை எழுதும்போது ஒரு கேள்வி வருகிறது. உன் வீட்டோடு சேர்ந்த கராஜில் இரண்டு வண்டிகள் நிற்கும். நாங்கள் வந்திருந்த மூன்று மாதமும் நான் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஹீட்டர் இருந்தது, விளக்கு இருந்தது, சுவரில் நான் மாட்டிக்கொடுத்த ஸ்பேனர் பலகையும் இருந்தது. படத்தில் வண்டி நிற்பது வெட்டவெளி. சக்கரத்துக்கருகில் பனி கிடக்கிறது. பின்னால் தெரியும் கட்டடம் நான் பார்த்த தெருவில் உள்ளதல்ல. வெளிச்சத்துக்காக வெளியே நிறுத்தியிருப்பாய் என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

பின் இருக்கைக்குக் கீழே பேஸ் பெட்டி வைக்கலாம் என்று வீடியோவில் காட்டினார்கள். வைத்தால் இருக்கையை மேலே மடக்கும்படி பார்த்துக்கொள், ஒயர் நசுங்காமல் பார்த்துக்கொள். அந்த இடத்தை அளந்து பார்க்கத்தான் படத்தை மீண்டும் பெரிதாக்கினேன். பின் இருக்கையில் ஒரு தலையணை இருக்கிறது. பாப்பா பிறந்தபோது உன் அம்மா கொடுத்தனுப்பிய சென்னிமலைப் போர்வையும் இருக்கிறது, மடித்து. மடித்திருக்கும் முறை உன்னுடையது. ஜன்னலோரம் சட்டைகள் தொங்குகின்றன. உன் அம்மாவுக்கு நான் முட்டை அட்டையை மட்டும்தான் காட்டினேன்.

நான் எதையும் கேட்கவில்லை. நெடுந்தூரம் போகிறவர்கள் தலையணை வைத்துக்கொள்வது வழக்கம்தான். பொதுவாக ஒன்று சொல்கிறேன். குளிருகிறது என்று இன்ஜினை ஓடவிட்டு உள்ளே கண் அயராதே. பனி விழுந்து சைலன்சர் வாயை மூடிவிட்டால் புகை கேபினுக்குள் திரும்பும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவனை எழுப்பாது. இன்ஜினை அணைத்துவிட்டு நெடுநேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும் பேட்டரி இறங்கி, காலையில் செல்ஃப் எடுக்காது. பாட்டு கேட்பதற்கும் தூங்குவதற்கும் வீடுதான் இடம். அந்த ஃபியூஸை மறந்துவிடாதே. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள்.

ஃபியூஸ், ஃபியூஸ் என்று ஏன் அரற்றுகிறேன் என்பது உனக்குத் தெரியும். 1996-இல் தொப்பூர் கணவாயில் கேபின் எரிந்து நின்ற அந்தத் திருச்செங்கோட்டு வண்டியைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டவன் நான். அன்று டெக் மாட்டிய அரை மணி நேரத்தில் ஃபியூஸ் போனது. புதிதாகப் போட்டேன், அதுவும் போனது. தகரத்தில் நான் துளைத்த ஓட்டையில் புஷ் இல்லை, ஒயர் உரசிக்கொண்டிருந்தது. எரிந்த இரண்டு ஃபியூஸும் அதைத்தான் எனக்குச் சொல்லின. பம்பாய் லோடு காத்திருக்கிறது என்று வண்டிக்காரர் நின்றார், பெட்டியில் மூன்றாவது ஃபியூஸ் இல்லை. செம்புக் கம்பி இழையைச் சுற்றி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வண்டிக்காரர் பட்டறைக்கு வந்து கத்தியபோது, டெக் மாட்டிய அன்று கூட இருந்தது யார் என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். பையன் விளையாட்டுத்தனமாகக் கம்பியைச் சுற்றிவிட்டான் என்றேன். அவர் எதிரிலேயே ஃபேன் பெல்ட்டால் உன்னை அடித்தேன். உனக்குப் பன்னிரண்டு வயது. ஓட்டுநர் குதித்துத் தப்பினாரே தவிர அவருடைய வலது உள்ளங்கை கடைசிவரை முழுதாக விரியவில்லை. அவர் வரும்போதெல்லாம் நான் பணம் கொடுத்தேன், காரணம் சொல்லவில்லை. நீ அன்று நானில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை என்பது எனக்கு நெடுநாள் கழித்துத்தான் தெரிந்தது. படிப்பின்மேல் உள்ள ஆசையால் பட்டறையை விட்டுப் போனாய் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டேன். உன் மேல் தப்பில்லாதபோதும் தப்பை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும் வழக்கத்தை அந்தப் பெல்ட்டால் நான்தான் உனக்குப் பழக்கிவிட்டேனோ என்று, அந்தத் தலையணையைப் பார்த்த இரவிலிருந்து தோன்றிக்கொண்டிருக்கிறது. கம்பியைச் சுற்றியது நான், தம்பி. இதை இருபது வருடத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டும்.

உனக்கும் அம்மிணிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது உங்கள் சங்கதி. தப்பு யாருடையது என்று நான் கேட்கமாட்டேன். அப்படிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதை மேலே எழுதிவிட்டேன். பாப்பாவைப் பார்க்க முடிகிறதா என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பட்டறை வாசலில் இருந்த வேம்பு சாய்ந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

வேலை முடிந்ததும் பானெட்டைத் திறந்து, பேட்டரியும் ஃபியூஸும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பு. பின் இருக்கையையும் ஒன்று எடு. இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்து வைத்துவிட்டு உன் அம்மா முகவரி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பழைய முகவரிக்கே அனுப்பலாமா, வேறு முகவரி இருக்கிறதா என்று ஒரு வரி எழுது. அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றால் பட்டறை எண்ணுக்கு எழுது. காலை ஆறு மணிக்கே நான் போய்விடுவேன்.

இப்படிக்கு,
அப்பா